இறங்குமுகம்

ஊரும் உலகமும் அவன் இறங்குவதைத்தான் பார்த்தன.
நான் பார்த்தது
ஏறியதை மட்டும்.

வோஜ் மலையடியில்
கம்பிவட நாற்காலிகளை ஓட்டுகிறேன், இருபத்தாறு வருடமாய்.
பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான்,
நடுவில் என் காபி.
பனி இருக்கும்வரை சறுக்குபவர்கள்.
சேறு காய்ந்ததும் சைக்கிள்காரர்கள்.
ஆள் ஒரு நாற்காலியில்,
அடுத்து வரும் கொக்கியில் அவர் வண்டி.

தியேபோ வால்தெனேர் முதலில் வந்தபோது
வயது பதின்மூன்று. கொக்கி எட்டவில்லை.
மாட்டிவிட்டேன்.
ஒரே நாளில் பத்தொன்பது தடவை மாட்டிவிட்டேன்.
பத்தொன்பதாவதில்தான் வாயைத் திறந்து
ஒரு 'மெர்சி',
மாதக் கடைசியில் மளிகைக் கடன் அடைப்பவன்போல.

அப்புறம் தலைக்கவசம் வந்தது, பெரிய கண்ணாடி வந்தது,
முகம் உள்ளே போய்விட்டது.
முதுகுதான் எனக்கு மனப்பாடம்.
முதல் வருடம் முதுகில் உள்ளூர் மரவாடியின் பெயர்.
பிறகு ஒரு சோடா. பிறகு கைக்கடிகாரம். பிறகு வங்கி.
காறையெலும்பு முறிந்த வருடம்
இடது தோள் ஒரு விரல்கடை தாழ்ந்தது,
அதன்பின் நிமிரவே இல்லை.

பதினொரு பெரிய பந்தயங்களை ஜெயித்தான்.
பேக்கரிக்காரர் மிராபெல் டார்ட்டுக்கு அவன் பெயரை வைத்து
ஐம்பது சென்ட் கூட்டினார்.
நகராட்சி தண்ணீர்த் தொட்டியில் அவன் முகத்தை வரைந்தது.
மூக்கு சரியில்லை என்று நான் எல்லோரிடமும் சொன்னேன்.
நான்சியிலிருந்து பேருந்து பேருந்தாய் மாட்டுமணிகளோடு வந்தவர்கள்
அவன் உட்காரும் நாற்காலி எது என்றார்கள்.
எல்லாம் ஒன்றுதான், சுற்றிச் சுற்றி வருகிறது என்றேன்.
நம்பவில்லை.
முப்பத்திரண்டு, என்று பொய் சொன்னேன்.
இன்றைக்கும் முப்பத்திரண்டுக்கு வரிசை நிற்கிறது.

ஆனால் அந்தப் பேர்
ஜெயித்ததில் வந்ததல்ல.
எங்கள் மலையிலேயே, ஒரு ஆகஸ்ட் ஞாயிறு,
பாதி வழியில் பின்டயர் கிழிந்து
ரப்பர் குடல்போல் வெளியே தொங்க,
வெறும் வளையம் கல்லில் அலற
விடாமல் வந்தான்.
நாற்பத்து மூன்றாவது இடம்.
கூட்டம் தடுப்பைச் சாய்த்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது.
முதலிடம் பிடித்தவன் யார் என்று
எனக்கும் நினைவில்லை.

அதன்பின் எங்கே போனாலும் அந்த டயர்தான்.
அதைச் சட்டம் போட்டு மாட்டிய மதுக்கடைகூட உண்டு,
அசல் அதுதான் என்று சொல்லும் கடைகள் மூன்று.
ஒரு காலை கொக்கியில் வண்டியை மாட்டிக்கொண்டே சொன்னான்:
"கிஸ்லேன், ஜெயித்ததைப் பற்றி யாராவது கேட்டால்
எனக்குச் சொல்லி அனுப்பு."
நாற்காலி அவனைத் தூக்கிக்கொண்டு போனது.
யாரும் கேட்கவில்லை. நானும்
ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

கடைசி வருடம் முதுகில் எந்தப் பெயரும் இல்லை.

போன அக்டோபர், பருவம் மூடும் நாள்,
மேல் நிலையத்திலிருந்து ரெஜிஸ் கூப்பிட்டான்:
"நடந்து ஏறி வந்திருக்கிறார். வண்டி இல்லை.
நாற்காலியில் இறங்க வேண்டுமாம். விதியில் இடமில்லையே?"
விதி கிடக்கட்டும், அனுப்பு என்றேன்.
வேகத்தைக் குறைத்தேன்.

இரண்டு நிமிடம் நாற்பத்தோரு நொடியில்
அவன் கிழித்துக்கொண்டு வந்த மலை.
பதினான்கு நிமிடம் ஆனது.
மூடுபனியிலிருந்து முதலில் காலணி,
பிறகு மடியில் கோத்த கைகள்,
பிறகு முகம்,
என்னைப் பார்த்து வந்துகொண்டே இருந்தது.
தொட்டியில் வரைந்தவர்
மூக்கைச் சரியாகத்தான் வரைந்திருக்கிறார்.

இறங்கினான். கால் கொஞ்சம் தடுமாறியது.
"வழியில் ஒரு குளம் இருக்கிறது," என்றான்.
இருக்கிறது, என்றேன்.
"எப்போதிலிருந்து?"

காபியில் பாதியை அவனுக்கு ஊற்றினேன்.
எண்ணும் கருவி ஏறுபவர்களைத்தான் எண்ணும்.
அன்றைய கணக்கில் அவன் இல்லை.
எந்த எண் நாற்காலியில் வந்தான் என்று
பார்க்கவும் மறந்துவிட்டேன்.